பெருமாளுக்குப் பொங்கல், அப்பாவுக்குச் சுண்டல்

கேள்வி: தறி நெய்யும் அப்பாவுக்குச் சர்க்கரை நோய், இப்போது மறதியும். “மூளைக்குச் சர்க்கரைதானே சாப்பாடு?” என்று சர்க்கரைப் பொங்கல் கேட்கிறாரே?
– வாசகி, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: அப்பா சொல்வது பாதி சரி. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை சுமார் 20 சதவீத ஆற்றலைச் செலவிடுகிறது, பெரும்பாலும் குளுக்கோஸிலிருந்து. ஆனால் இன்சுலின் எடுபடாத உடல், கூடை நிறைய ஊடைநூல் இருந்தும் நாடா ஓடாத தறி. ரத்தத்தில் சர்க்கரை தேங்கும். மூளையின் ரத்த நுண்குழாய்கள் கெடும், அதனாலும் மறதி வரலாம். பொங்கலுக்குப் பதிலாக வரதராஜர் கோயில் இட்லி தரலாமா என்றால், அதில் மிளகும் சுக்கும் மணந்தாலும் அடிப்படை அரிசிதான்! ஒரு துண்டு போதும். கூடவே சுண்டல், கீரை. சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினை நெடுநாளாகச் சாப்பிடுகிறாரா? அதனால் வைட்டமின் பி12 குறையலாம். பி12 குறைந்தும் மறதி வரும், அதைச் சரிசெய்யலாம். சர்க்கரை திடீரென இறங்கினாலும் தடுமாறுவார். இந்த வாரமே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள் அம்மா.