தலையால் போட்ட பிள்ளையார் சுழி

கே: சரினா போல்டன் யார்? சுருக்கமாகச் சொல்லவும். (திண்டுக்கல் வாசகி)

ப: கால்பந்து உலகக் கோப்பையில் பிலிப்பைன்ஸின் முதல் கோலை அடித்தவர். ஆண்கள், பெண்கள் எல்லாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்நாட்டு ஆண்கள் அணி இன்னும் அந்த வாசலையே மிதிக்கவில்லை.

கே: அந்த கோலைக் கொஞ்சம் வர்ணியுங்களேன். (விருதுநகர் வாசகர்)

ப: 2023 ஜூலை 25, வெலிங்டன். எதிரே நியூசிலாந்து. போட்டியை நடத்தும் நாடு. ஐந்து நாள் முன்புதான் நார்வேயைச் சாய்த்திருந்த தெம்பு வேறு. அரங்கில் 32 ஆயிரத்துக்கும் மேல் கூட்டம். 24-வது நிமிடத்தில் சாரா எகெஸ்விக் தூக்கிப் போட்ட பந்துக்கு போல்டன் எம்பித் தலை கொடுத்தார். கோல்கீப்பரின் கையில் பட்டும் நிற்காமல் பந்து உள்ளே போய்விட்டது. இரண்டாம் பாதியில் நியூசிலாந்து ஒன்றைத் திருப்பிப் போட, அரங்கமே எழுந்து ஆடியது. வீடியோவைப் பார்த்து ‘ஆஃப்சைடு’ என்றதும் அப்படியே உட்கார்ந்தது. கடைசி நேரத்தில் வந்த ஒரு பந்தை பிலிப்பைன்ஸ் கோல்கீப்பர் ஒலிவியா மெக்டேனியல் பாய்ந்து தட்டிவிட்டார். 1-0. அவர் தட்டியிருக்காவிட்டால் இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆனாலும் கேட்பது போல்டனைப் பற்றித்தான். கோல்கீப்பர் பிழைப்பு அப்படி!

கே: போல்டன் கலிபோர்னியாக்காரர். பந்து தூக்கிக் கொடுத்த எகெஸ்விக் நார்வேயில் பிறந்தவர். இது பிலிப்பைன்ஸ் அணியா, ஐ.நா. சபையா? (சேலம் வாசகர்)

ப: நக்கல் புரிகிறது. பெற்றோரில் ஒருவர் பிலிப்பைன்ஸ் குடிமகனாக இருந்தால் பிள்ளை எந்த ஊரில் பிறந்தாலும் குடியுரிமை உண்டு என்பது அந்நாட்டுச் சட்டம். எனவே ஏமாற்று வேலை ஒன்றுமில்லை. நர்ஸாக, கப்பல் ஊழியராக, வீட்டு வேலைக்காக என்று உலகம் பூராவும் ஆட்களை அனுப்பிவைத்த நாடு அது. அவர்கள் அனுப்பும் பணம் இனிக்கும், அவர்கள் வீட்டுப் பெண் வந்து பந்து உதைத்தால் மட்டும் கசக்குமா? 2023 உலகக் கோப்பை அணியில் பெரும்பாலோர் அமெரிக்காவில் பிறந்தவர்கள் என்பது உண்மைதான். மணிலாவிலும் செபுவிலும் பிறக்கிற பெண்களுக்குப் புல்தரையும் பயிற்சியாளரும் எப்போது கிடைக்கும் என்று கேளுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம், போல்டன் இல்லை.

கே: பிலிப்பைன்ஸில் கால்பந்துக்கு அவ்வளவு மவுசா? (காரைக்குடி வாசகர்)

ப: இல்லை. அங்கே தெருவுக்குத் தெரு கூடைப்பந்து வளையம்தான்.

கே: போல்டன் இந்தியாவுக்கு வந்ததுண்டா? (சென்னை வாசகி)

ப: வந்தார். உலகக் கோப்பைக்கான டிக்கெட்டையே இங்கேதான் கிழித்தார். 2022 ஜனவரி 30, புனே. மகளிர் ஆசியக் கோப்பை காலிறுதியில் சீன தைபேயுடன் 1-1 சமன், பெனால்டி ஷூட்-அவுட். மெக்டேனியல் பந்தைத் தடுத்ததோடு நில்லாமல், தானும் ஒரு பெனால்டியைப் போட்டார். வெற்றியைத் தீர்மானித்த கடைசி உதை போல்டனுடையது. 4-3. பிலிப்பைன்ஸ் முதல்முறையாக உலகக் கோப்பைக்குள். அதற்கு நான்கு வருடம் முன்பு ஜோர்டானில் நடந்த ஆசியக் கோப்பையில், கடைசி வாய்ப்பில் தென்கொரியாவிடம் 0-5 என்று தோற்று இதே டிக்கெட்டைத் தவறவிட்டிருந்தார்கள்.

போட்டியை நடத்திய நாம் என்ன ஆனோம் என்று கேட்காமல் விட்டீர்களே, நன்றி. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஈரானுடன் 0-0. அடுத்து இதே சீன தைபேயுடன் ஆட வேண்டிய நாளில், கொரோனாவால் களமிறக்க ஆளில்லை. விலகியதாக அறிவித்து, ஆடிய ஒரு ஆட்டத்தையும் கணக்கிலிருந்து அழித்துவிட்டார்கள். தமிழ்நாட்டுப் பெண்களும் அந்த அணியில் இருந்தார்கள். கல்யாண மண்டபத்தை நாம் பிடித்துக் கொடுக்க, தாலி கட்டியது பக்கத்து வீட்டுக்காரர்.

கே: நாமும் வெளிநாட்டு இந்தியர்களைக் கூப்பிட்டு ஆடவைக்கலாமே? (கோவை வாசகர்)

ப: இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால்தான் இந்திய அணி. நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறந்துவிட்டு வந்தார் கால்பந்து வீரர் ரயான் வில்லியம்ஸ். எத்தனை பேர் அப்படித் துறப்பார்கள்?

கே: போல்டன் ஏன் ஒரு கிளப்பிலும் நிலைப்பதில்லை? (நாகர்கோவில் வாசகி)

ப: ஜப்பானில் சைத்தாமா, ஆஸ்திரேலியாவில் வெஸ்டர்ன் சிட்னி, பிறகு நியூகாசில், அப்புறம் இத்தாலியின் கோமோ. பார்க்க உல்லாசப் பயணம் மாதிரி இருக்கும். மகளிர் கால்பந்தில் பல லீக்குகளில் சீசன் குட்டை, ஒப்பந்தம் அதைவிடக் குட்டை, சம்பளம் எல்லாவற்றிலும் குட்டை. பெட்டியை முழுசாகப் பிரிப்பதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும்.

கே: வெலிங்டன் வெற்றி வெறும் அதிர்ஷ்டம் என்கிறான் என் நண்பன். (ஈரோடு வாசகர்)

ப: உங்கள் நண்பர் கையில் ஆதாரம் இருக்கிறது. அடுத்த ஆட்டத்தில் நார்வேயிடம் 0-6. அக்டோபரில் பெர்த்தில் ஆஸ்திரேலியாவிடம் 0-8. அதற்கு என் பதில்: தரவரிசையில் 46-வது இடத்தில் இருந்த அணி, 26-வது இடத்து அணியை அதன் சொந்த ஊரிலேயே வென்றிருக்கிறது. அதிர்ஷ்டமும் கோல் பக்கத்தில் நிற்பவரைத்தான் தேடி வரும். அங்கே போய் நிற்பதுதான் முன்கள ஆட்டக்காரரின் வேலை. தேசிய மகளிர் அணிக்காக அதிக கோல் அடித்தவர் போல்டன். அத்தனையும் அதிர்ஷ்டமென்றால் அவரை லாட்டரி வாங்கச் சொல்லலாம்.

கே: பிலிப்பைன்ஸ் கண்ட மிகச் சிறந்த கோல் வேட்டைக்காரர் போல்டன்தானா? (தஞ்சாவூர் வாசகர்)

ப: இலோய்லோவில் 1896-ல் பிறந்த பவுலினோ அல்காந்தரா சண்டைக்கு வருவார். பார்சிலோனாவுக்காக அவர் அடித்த கோல் கணக்கை முறியடிக்க மெஸ்ஸியே பிறந்து வர வேண்டியிருந்தது. 1917-ல் டோக்கியோவில் ஜப்பானை 15-2 என்று பிலிப்பைன்ஸ் நொறுக்கியபோதும் களத்தில் இருந்தார். ஆனால் 1927-ல் ஓய்வு பெற்றுவிட்டார். உலகக் கோப்பை தொடங்கியதே 1930-ல். கிளப் கணக்கு என்றால் அல்காந்தரா. நாட்டுக் கணக்கு என்றால் என் ஓட்டு போல்டனுக்கு.