பச்சைப் பட்டாசு சுடாதாடா, பேராண்டி?

வாடா பேராண்டி, இப்பிடித் திண்ணையில குந்து. பொட்டி மேல இன்னா எழுதியிருக்கு, படி பாக்கலாம். பச்சைப் பட்டாசா? அப்பிடின்னா தொட்டாச் சுடாதா?

நாகபுரியில நீரின்னு ஒரு ஆராய்ச்சிக்கூடம். அவங்க கண்டுபுடிச்ச கலவை. பொகையும் தூசியும் நூத்துக்கு முப்பது கொறையுமாம். நல்லதுதான், எவன் வாணான்னான்? பச்சை வெளிச்சம் குடுக்கிற பேரியம் உப்பு பட்டாசுல இருக்கக் கூடாதுன்னும் கோர்ட்டு சொல்லிப்புடுச்சு. ஆக, பச்சைப் பட்டாசுல பச்சைக்குத்தான் தடை. அது கெடக்கட்டும். பொகை கொறைஞ்சா நெருப்புமா கொறையும்? கம்பி மத்தாப்பு நுனியில சூடு ஆயிரம் டிகிரியத் தாண்டும். உலை கொதிக்கிறது வெறும் நூறு. உலைப் பானைகிட்ட புள்ள போனா உங்க ஆத்தா தெருவையே கூட்டிப்புடுவா. மத்தாப்ப மட்டும் மூணு வயசுப் புள்ள கையில குடுத்து, "போனப் பாரு கண்ணு, சிரி"ங்கிறா. புள்ள போனப் பாத்தா மத்தாப்ப யாருடா பாக்கறது?

அப்புறம் நேரக் கணக்கு. 2018ல சுப்ரீம் கோர்ட்டு, தீபாவளிக்கு வெடி போட ரெண்டே மணி நேரந்தான்னுச்சு. நம்ம சர்க்காரு அதைக் காலையில 6 லேருந்து 7, ராவு 7 லேருந்து 8ன்னு பிரிச்சுக் குடுத்துச்சு. முந்தியெல்லாம் எண்ணெ தேச்சு முழுவிட்டு விடியறதுக்குள்ள வெடி போட்டுடுவோம். இப்ப நரகாசுரன் ஆறு மணி வரைக்கும் காத்துக்கினு கெடக்கணும். சரியா அந்த நேரம் பாத்து ஐப்பசி மழை ஊத்தும்.

மழை பேஞ்சா நம்ம மரக்காணத்து உப்பளத்துல வேலை நின்னுபோவும். உப்பு அம்பாரத்துக்கு ஓலை போட்டு மூடிட்டு சனம் வூட்டுல குந்திக்கும். வருமானம் இல்லாத மாசத்துலதான் இந்தப் பண்டிகை வருது பாரு! கடன் வாங்கி வாங்கின வெடி, உப்புக் காத்துல ரெண்டு நாள்ல நமுத்துப் போவுது. உடனே நம்ம புத்திசாலி இன்னா பண்றான்? அடுப்பு மேட்டுல காய வைக்கிறான்! ஏண்டா, அது அப்பளமா? வெயில் வந்தா வாசல்ல பரப்பு. வரலைன்னா வுட்டுத் தொலை.

நாட்டு வெடி மலிவுன்னு சொல்லாத. 2021 தீபாவளியன்னைக்கு, பாண்டிச்சேரிக்கு ஒட்டுனாப்புல இருக்குற கோட்டக்குப்பத்துல, ஸ்கூட்டர்ல நாட்டு வெடி மூட்டையோட போனாங்க ஒரு அப்பனும் ஏழு வயசுப் புள்ளையும். எவனும் பத்த வைக்கல. வண்டியில போறப்பவே வெடிச்சுடுச்சு. ரெண்டு உசுரும் அங்கேயே போச்சு. நம்ம ஜில்லாதான்டா. அதுக்கப்புறமும் மலிவாக் கெடைக்குதான்னு கேக்குறவன் இருக்கான்.

எங்க காலத்துல கார்த்திகைக்கு மாவளி சுத்துவோம். ஆம்பளைப் பனையில காய்ஞ்ச பூவப் பொறுக்கிக் குழியில போட்டுக் கொளுத்தி, மண்ணு போட்டு மூடிக் கரியாக்கி, இடிச்சுத் தூளாக்குவோம். அதைப் பழந்துணியில சுருட்டி, பனைமட்டைப் பொளப்புக்கு நடுவுல வெச்சுக் கட்டி, கங்கு வெச்சுக் கயித்துல சுத்தினா, பொறி பூவாக் கொட்டும். காசு? காலணா செலவில்ல. ஆனா எங்க சுத்துவோம்? ஏரிக்கரையில. வைக்கப் போரு பக்கம் போனா, சுத்துறவன் முதுகுலதான் பொறி பறக்கும். எங்க பாட்டன் கையில வேப்பங்குச்சி வெச்சிருப்பாரு. அவரு டெசிபல் படிக்கல.

நீ படிச்சவனாச்சே, கேளு. வெடிச் சத்தத்த நாலு மீட்டர் தள்ளி அளக்கணும், 125 டெசிபலத் தாண்டக் கூடாதுன்னு விதி. நாலு மீட்டர்னா பதிமூணு அடி. மிசினே பதிமூணு அடி தள்ளி நிக்குது, நீ ரெண்டடியில குந்திக்கினு ஊதுவத்திய நீட்டுற! ராக்கெட்ட வெச்ச பாட்டில் சாஞ்சா அது வானத்துக்கா போவும், எதுத்த வூட்டுக் கூரைக்கா? பாட்டில் பாதி மண்ணுல பொதைஞ்சு நிக்கணும். எதுக்க ஓலைக் கூரை இருந்தா ராக்கெட்டே வாணாம்.

பத்தாத புஸ்வாணத்த எட்டிப் பாக்காத. அது ஒன்னும் பாதாளக் கெணறு இல்ல. வாளித் தண்ணிய ஊத்திட்டுப் போ. வாளி எங்கேன்னு முழிக்கிறியா? ஆயிரக்கணக்குல வெடி வாங்கினவன் வூட்டுல, வாசல்ல ஒரு வாளி இல்ல! எரிஞ்ச கம்பியும் அந்தத் தண்ணிக்குள்ளதான் போவணும். இருட்டுல மிதிச்சா பாதம் பழுத்துடும். நைலான் சட்டைய ரீலுக்குப் போட்டுக்கோ, வெடிக்குப் பருத்தி.

சுட்டுக்கினா இங்க்கும் பேஸ்ட்டும் தேடி ஓடாத. சுட்ட எடத்த இருவது நிமிசம் ஓடுற பச்சத் தண்ணியில காட்டு. பெருசா இருந்தா 108.

மறுநாள் கூத்து தனி. வெடிக்காததெல்லாம் பொறுக்கி, மருந்தப் பிரிச்சுப் பேப்பர்ல கொட்டிக் கொளுத்துவானுங்க பாரு ஒரு கூட்டம். லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் போறப்ப ரெண்டு பேருக்காவது புருவம் இருக்காது. வாத்தியாரு கேட்டா, "ஜுரம் சார்"ம்பானுங்க. நீ எந்தக் கூட்டம்டா? நெத்தியக் காட்டு, பாக்கலாம்.