மார்கழிக் குளிரும் மங்கி குல்லாவும்: ஒரு முன்னோட்ட ஆய்வு

கீழ்க்கட்டளையிலிருந்து ஒரே நாளில் மாமல்லபுரமும் வேடந்தாங்கலும் போய்த் திரும்புவது குறித்து அடிக்குறிப்போடு கூடிய ஆய்வு எதுவும் என் கண்ணில் படவில்லை. இக்கட்டுரை அக்குறையைப் போக்க முயல்கிறது, போக்கியும்விட்டது.

முதலில், குளிர் என்பது யாது? தென்சென்னையில் மார்கழி விடியல் 20 டிகிரியை ஒட்டி நிற்கும். ஊட்டிக்காரர் இதை வெயில் என்பார். அவரை யாரும் கேட்கவில்லை. ஃபேனை இரண்டில் வைத்ததற்கு வீட்டில் ஒருவராவது திட்டினால் அது குளிர்காலம் (பெரியத்தை, வாய்மொழி).

அக்குளிர் உடம்புக்குள் எவ்வழி நுழைகிறது? மூக்கு, தொண்டை என்று டாக்டர்கள் ஏதோ சொல்கிறார்கள். காதுவழி என்பதே பெரியத்தையின் துணிபு (காண்க: 'காதும் காற்றும்', அடுப்படிச் சொற்பொழிவு, முதல் காபிக்கும் இரண்டாம் காபிக்கும் நடுவே). ஆகவே காரில் ஏறிய ஐவரில் அவர் மட்டும் மங்கி குல்லா அணிந்திருந்தார். பழுப்பு நிறம், உச்சியில் குஞ்சம், பாச்சை உருண்டை வாசனை. குல்லாவின் காலம் சர்ச்சைக்குரியது. காசி யாத்திரையில் வாங்கியது என்பது அத்தை மரபு. பத்ரிநாத் போனபோது வாங்கியது, காசு கொடுத்தது நான் என்பது சித்தப்பா மரபு (மேற்படியார், 'யார் காசு?', மேடவாக்கம் சிக்னலில் தொடங்கி அக்கரை வரை நீண்ட உரை, பாதியில் அத்தையின் மறுப்புரை, டிரைவரின் இருமல் ஆகியவற்றுடன்). குஞ்சத்தில் ஒட்டியிருந்த குங்குமத்தை இரு தரப்பும் தத்தம் சான்றாகக் காட்டின. முட்டுக்காட்டில் கழிமுகம் பார்க்கக் கண்ணாடியை இறக்கினோம். ஏற்றச் சொன்னார்கள்; ஏற்றினோம்.

கடல் இருந்தது.

கடற்கரைக் கோயிலைவிட எங்களை நிறுத்தியது பெரும்பாறைச் சிற்பம். ஒற்றைக்காலில் நிற்பவர் அர்ச்சுனனா, பகீரதனா என்று அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக மோதுகிறார்கள். அதே பாறையில் ஒரு பூனையும் கைகளைத் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். அது எந்தக் கட்சி என்று ஒருவரும் ஆராயக் காணோம். எனக்கென்னவோ அதைப் பார்த்தால் மாலைக்குக் காத்திருக்கும் கருத்தரங்கத் தலைவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது. பெரியத்தை ஒரே பார்வையில் முடித்தார்: "பாரு, அதுக்குக்கூட காது வெறைச்சு நிக்குது."

இனி ஏரிகள். கீழ்க்கட்டளை ஏரி நிறைந்தால் தண்ணீர் நாராயணபுரம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு. மழைக்காலத்தில் விலாசம் தவறிச் சில வீடுகளின் ஹாலுக்கும் வரும். பள்ளிக்கரணையும் வேடந்தாங்கலும் 2022-இல்தான் ராம்சர் பட்டியலில் ஏறின. பக்கத்திலேயே ஒன்றை வைத்துக்கொண்டு, டீசல் போட்டு இன்னொன்றைப் பார்க்கப் போவானேன் என்பது சித்தப்பாவின் கேள்வி. அது ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது.

செங்கல்பட்டில் கொளவாய் ஏரியைக் காரிலிருந்தே பார்த்தோம். வேடந்தாங்கலில் பொழுது சாயும் நேரம். நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் கூட்டம் கூட்டமாக இறங்கின; மரங்களே வெளுத்துக் கிடந்தன. எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் ஊரார் காலங்காலமாக இவற்றைக் காத்துவருகிறார்கள். பறவைகளைச் சுடவிடாத உரிமையைக் கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-இல் எழுத்திலேயே ஒப்புக்கொண்டாராம். இவ்வளவையும் நான் விளக்கிக்கொண்டிருக்க, அத்தை பைனாகுலரை என்னிடமிருந்து வாங்கிக் குல்லாவுக்கு மேலேயே வைத்துப் பார்த்தார். கண்டுபிடிப்பு உடனே வெளியானது: பறவைகளுக்குக் காதுமடல் இல்லை. அதனால்தான் இந்தக் குளிரில் தண்ணீரில் நின்றும் அவற்றுக்குச் சளி பிடிப்பதில்லை ('கொக்குக்கு ஏது ஜலதோஷம்?', கண்காணிப்புக் கோபுரப் பேருரை, மூன்றாம் படியில் மூச்சு வாங்கியபடி நிகழ்த்தியது, செவிமடுத்தோர்: நான், சுண்டல் விற்ற பையன்).

மறுநாள் காலை வீட்டில் தும்மல் கேட்டது. குல்லா போடாத நால்வரும் நலம். தும்மியவர் பெரியத்தை.

கொள்கை பொய்த்துவிட்டதா என்று மெல்லக் கேட்டேன். வெந்நீர் ஆவிக்கு நடுவிலிருந்து போர்வையை விலக்கிச் சொன்னார்:

"வேடந்தாங்கல்ல உன் மாமா போன் பண்ணார் இல்ல? பேசறதுக்குக் குல்லாவைத் தூக்கினேனே. வலது காது."