சக்கரையம்மா வந்து குந்திகினா

வாடா பேராண்டி, குந்து. மூஞ்சைப் பாத்தாலே தெரியுது, தடாவுல உன் மாமியார் ஊட்டு விருந்து நல்லாத்தான் நடந்துகீது. அவங்க ஊரு அதிரசம், அந்த அரிசெலு எத்தினி? ரெண்டா? அப்போ நாலு. என்கிட்ட பாதிக் கணக்கு சொல்றது உங்க தாத்தன் காலத்துப் பழக்கம். அவரும் சாராயத்தை இப்படித்தான் எண்ணுவாரு.

'வேஸ்கோ நாயனா, வேஸ்கோ'ன்னு அவங்க இலையில கொட்டினா எப்படி ஆயா வேணாம்னு சொல்றதுன்றே. நெஜந்தான். ஆரம்பாக்கத்தைத் தாண்டி ஆந்திராவுல காலை வெச்சா 'வேணாம்'ன்ற வார்த்தை யாருக்குப் புரியும்? வாயைப் பொளந்து ஊட்டிவுட்டாங்க பாரு, பாவம்.

சக்கரை எவ்ளோ காட்டிச்சி? வெறும் வயித்துல 210. 126ஐத் தொட்டாலே சக்கரை நோய்தானாம், மாத்திரை குடுக்க வர்ற பொண்ணு சொல்லிச்சி. 2021ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில 'மக்களைத் தேடி மருத்துவம்'னு ஆரம்பிச்சி வெச்சாலும் வெச்சாங்க, அந்தப் பொண்ணு ஊடு ஊடா ஏறி எறங்குது. இந்தப் பக்கம் அது மாத்திரையைக் குடுத்துட்டுப் போவுது. அந்தப் பக்கம் எதிரூட்டுக்காரி கேசரியோட வந்து நிக்கிறா. ரெண்டு பேரு மனசும் நோவக்கூடாதுன்னு நீ ரெண்டையும் முழுங்கறே. இதுல லட்டு ஒண்ணு கூடினா மாத்திரையும் ஒண்ணு கூட்டிக்கலாம்னு கணக்கு வேற. அன்னிக்கி மயக்கம் போட்டு வுழுந்தியே, அந்தக் கணக்குக்கு வந்த மீதி. இந்த மூளையைப் பள்ளிக்கூடத்துல காட்டியிருந்தா இன்னேரம் எதிர்க்கரையில, ஸ்ரீஹரிகோட்டாவுல, ராக்கெட்டு வுட்டுகினு இருப்பே.

அது கெடக்கட்டும். போன கார்த்திகையில மாலை போட்டியே. 41 நாளு. ஏரிக்கரையில பொறந்தவன், ஊட்டுக்கு ஊடு நண்டு கொதிக்குது, எறா வறுபடுது, நீ பாட்டுக்குக் கத்திரிக்காயைத் துன்னுகினு கெடந்தே. அந்த 41 நாள்ல எவனாவது கையைப் புடிச்சி 'ஒரே ஒரு துண்டு சாமி, ஒண்ணும் ஆவாது'ன்னானா? நீ வர்றதைப் பாத்தா சட்டியையே மூடி வெச்சாங்களேடா! அதே வாய், அதே ஊரு. கழுத்துல மணி கெடந்தா சாமி. கழட்டிட்டா, 'சும்மா துன்னு மாமா, அப்பால மாத்திரை போட்டுக்கலாம்.'

அம்மை போட்ட ஊட்டைப் பாரு. வாசல்ல வேப்பிலை சொருவிட்டா அந்த ஊட்டுல கடுகு வெடிக்காது. புள்ள பெத்தவளுக்குப் பால்சுறா புட்டு வெச்சிக் குடுக்கறப்போ, 'இவளுக்குக் கொஞ்சம் ஐஸ்கிரீமு'ன்னு எவளாவது நீட்டுவாளா? பழவேற்காட்டு ஏரியில பாடு கீதே, சீட்டுப் போட்டு இன்னிக்கி இன்னார் பாடுன்னு ஊரு சொல்லிட்டா, எறா துள்ளிகினு வந்தாலும் அடுத்தவன் அங்க வலையை எறக்கமாட்டான். சாமி போட்ட கட்டு, ஊரு போட்ட கட்டு, ரெண்டுக்கும் பயம் கீது. டாக்டரு போட்ட கட்டுதான் அனாதை. அவரு சீட்டுல கிறுக்கினது மருந்துக்கடைக்காரனுக்கே புரியல, ஊருக்கா புரியப்போவுது?

அதான் ஒரு யோசனை சொல்றேன். 'எனக்குச் சக்கரையம்மா வந்து குந்திகினா'ன்னு ஊரெல்லாம் சொல்லிடு. வாசல்ல ரெண்டு கொத்து வேப்பிலை கட்டு. ஒருத்தி கேசரியோட படி ஏறமாட்டா. நீதானே 2023ல பேப்பரைப் படிச்சிக் காட்டினே, நாட்ல 10 கோடிப் பேருக்கு மேல சக்கரை கீதுன்னு. 10 கோடி பக்தருங்க! எந்த அம்மனுக்குடா இம்மாம் கூட்டம்?

ஆனா நம்ம ஜனத்தை நம்பமுடியாது. ஆடி பொறந்தா அந்தச் சக்கரையம்மாவுக்கே வெல்லம் போட்டுப் பொங்கல் வெச்சி, பிரசாதம்னு மொத கரண்டியை உன் கையில வெப்பாளுங்க. கூழைக் கேக்கவே வேணாம். கேழ்வரகு நல்லதுன்னு எவனோ சொன்னான்னு சொம்பு சொம்பா ஊத்திக்கறே. தொட்டுக்கக் கருவாட்டுக் கொழம்பு. நாளெல்லாம் சேத்து ஒரு சின்ன ஸ்பூனு உப்பு, 5 கிராமுக்குள்ள நிக்கணுமாம். நம்மூட்டுக் கருவாடு உப்புலயே பாய் போட்டுப் படுத்து எழுந்தது. உனக்கு பிரசர் வேற.

'கருப்பட்டிதானே ஆயா, சக்கரையா?'ன்னு சந்துல பூராத. காந்தியே அப்படி ஒரு சந்துல பூந்தாரு. பாலே தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணவரு சீக்கா படுத்தப்போ, 'நீங்க சத்தியம் பண்ணது மாட்டுப் பாலுக்குத்தானே, ஆட்டுப் பால் குடிக்கலாமே'ன்னு கஸ்தூரிபா எடுத்துக் குடுத்தாங்க. குடிச்சாரு. அப்பால, சத்தியத்தோட எழுத்தைத்தான் காப்பாத்தினேன், உசுரை வுட்டுட்டேன்னு எழுதி வருத்தப்பட்டாரு. நீ கருப்பட்டிக் காப்பியைக் குடிச்சிட்டு இன்னொரு டம்ளரு கேக்கறே.

நாளான்னிக்கி உங்கக்கா பொண்ணுக்குக் காது குத்து. நீ தாய்மாமன். புள்ளயை மடியில வெச்சிக் காது குத்தினதும் மொத பந்தியில உனக்குத்தான் மொத இலை. அங்க 'வேணாம்'னு மட்டும் வாயைத் தொறக்காத. வேணாம்ன்றவனைப் பாத்தாதான் பரிமாறவனுக்கு வீரம் வரும். மீனு உனக்கு ஒரு துரோகமும் பண்ணலடா. அதுக்கடியில கரைமேடு மாதிரி குவிக்கறியே சோறு, அதான் கொள்ளி. ஒரு கரண்டி சோத்தைப் போட்டுகினு நீயே மொதல்ல கேளு: 'மடவை எங்கக்கா? ரெண்டு துண்டு போடு.' துன்னுட்டு மறுபடி, 'இம்மாம் ருசியா நான் துன்னதே இல்லக்கா, இன்னும் ரெண்டு.' அவ பூரிச்சிப் போயி சோத்தை மறந்துடுவா. மூணாந்தபா கேக்கறப்போ உன் மச்சான் வந்து வாளியை எட்டிப் பாப்பான். மடவை விக்கிற வெலை அவனுக்குத்தானே தெரியும். அடுத்த விசேஷத்துல பாரு, 'மச்சானுக்குச் சக்கரை, பாத்துப் போடுங்கடா'ன்னு பந்தியில மொத ஆளா கத்தப்போறது அவன்தான்.

சரி, ஏந்துரு. அது இன்னா சட்டை ஜோப்புல எண்ணக் கறை? அஞ்சாவது அரிசெலா? இப்படிக் குடு. எனக்கின்னா, பல்லுதான் இல்ல, சக்கரையும் இல்ல.