அந்திவானம் பச்சையாவது ஏன்? ஓர் ஆய்வு

நீர்வண்ணத்தில் அந்திவானம் தீட்டும் துறையில் அறிஞர்கள் சற்றே கண்டுகொள்ளாமல் விட்ட சிக்கல் ஒன்றுண்டு. மேலே நீலம், கீழே மஞ்சள் என்று நல்லபடியாகத் தொடங்கும் வானம் நடுவில் கிளிப்பச்சையாக முடிவது ஏன்?

இயற்கைக்கு இந்தத் தொல்லை இல்லை. மாலையில் ஒளி காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருவதால் நீலம் வழியிலேயே சிதறிவிடுகிறது. மிஞ்சிய மஞ்சளும் சிவப்பும்தான் நம்மை வந்து சேர்கின்றன. தூரிகை கழுவ ஒரே குவளைத் தண்ணீரை வைத்துக்கொண்டு அது மாரடிப்பதில்லை.

கள ஆய்வு தென்காசியில், எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நடந்தது. சூரியன் மேற்கு மலை விளிம்பைத் தொட்டு முழுதாக மறைய ஏறக்குறைய இரண்டு நிமிடம். தாளில் பூசிய மஞ்சள் காய அதற்கு மேல் ஆகும். சிக்கலின் வேர் இதுதான். ஈர மஞ்சளில் நீலம் இறங்கினால் பச்சை. ஆரஞ்சில் இறங்கினால் ஆற்றுச் சேறு. மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவே ரோஸைப் பூசினால் ஒரு பக்கம் ஆரஞ்சும் மறுபக்கம் ஊதாவும் கிடைக்கும். இத்தீர்வு ஏட்டில் இருக்கிறது, கைக்கு வரவில்லை. போதாக்குறைக்கு, அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் ஈரத் தூரிகை பட்டால் தண்ணீர் ஓரத்தை நெளிநெளியாகத் தள்ளிக்கொண்டு போய்ப் பூப்போல் விரியும். ஓவியர்கள் இதைக் காலிஃப்ளவர் என்றே சொல்கிறார்கள். என் மலைக்கு மேலே அப்படி மூன்று விளைந்தன.

1883இல் கிரகட்டோவா எரிமலை வெடித்த பிறகு உலகெங்கும் அந்திவானம் தகதகத்தது. லண்டன் செல்சியில், தேம்ஸ் கரையில் உட்கார்ந்து ஓவியர் வில்லியம் ஆஸ்கிராஃப்ட் அந்த வானங்களை ஐந்நூறுக்கு மேல் வரைந்து தள்ளினார். அவர் எடுத்தது நீர்வண்ணமல்ல, பேஸ்டல் கட்டி. தண்ணீர் வேண்டாம், காயவும் வேண்டாம். கெட்டிக்கார மனிதர்!

இன்னொன்று: நீர்வண்ணம் காய்ந்ததும் வெளுக்கும். ஆகவே ஈரத்தில் கண்ணைக் குத்தும் அளவுக்குப் பூசினால்தான் காய்ந்தபின் தேறும். அந்தத் துணிச்சல் எனக்குப் பச்சையில் மட்டுமே வாய்த்தது.

காய்ந்த படத்தை அம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றி, தள்ளிப் பிடித்து, நெடுநேரம் பார்த்தாள்.

"தோப்பு நல்லா செழிப்பா இருக்குடா. யாரோடது?"