ஷெரீப் விற்கும் வீடு

அமெரிக்காவில் வீட்டுக் கடன் தவணை தவறினால், பல மாநிலங்களில் வீட்டை ஏலம் விடுபவர் ஷெரீப். கௌபாய் படங்களில் நட்சத்திர வில்லையும் துப்பாக்கியுமாக வருவாரே, அவரேதான். இப்போது குதிரைக்குப் பதில் கோப்புக் கட்டு.

வெண்டைக்காயையே நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிற இனம் நாம். அங்கே பெரும்பாலும் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கக்கூட அனுமதி கிடையாது. தெருவில் காரை நிறுத்தி, கூரையைப் பார்த்து ஜாதகம் கணிக்க வேண்டியதுதான். ஜன்னல் திரை அசைந்தால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அவரைக் கிளப்புவது ஏலம் எடுத்தவர் பாடு.

எடுத்தாலும் நிம்மதி இல்லை. மிச்சிகனில் பழைய உரிமையாளர் பணத்தைக் கட்டி மீட்டுக்கொள்ளப் பெரும்பாலும் 6 மாத அவகாசம். மத்திய வரித்துறைக்குப் பாக்கி இருந்தால் அவர்களுக்கும் 120 நாள். தாலி கட்டிய பிறகு பெண் வீட்டார் 'யோசித்துச் சொல்கிறோம்' என்பது மாதிரி.

ஏலத்தில் யாரும் கேட்காவிட்டால் வீடு வங்கி தலையில். வங்கி அதை விற்கும்போது உள்ளே போய்ப் பார்க்கலாம், அதுதான் வம்பு. அடுப்பு இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கும். கழிப்பறைக் கோப்பையில் குளிருக்கு உறையாத இளஞ்சிவப்புத் திரவம். மூடியின் குறுக்கே டேப், 'பயன்படுத்தாதீர்' என்ற சீட்டு. குழாயைத் திறந்தால் காற்று. "இருப்பது இருந்தபடி" என்கிறது ஒப்பந்தம். இல்லாததைப் பற்றி அதில் பேச்சே இல்லை.