ஆறு வாரம், ஆறு பக்கம்

1987 ஜனவரி முதல் தேதி. பூந்தமல்லி உரக்கடையில் அப்பாவுக்குச் சும்மா கொடுத்த டைரி. நெல்லுக்கு எப்போது யூரியா தூவ வேண்டும் என்று அச்சடித்திருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் என் லட்சியங்களை எழுதினேன். மாதம் இரண்டு சிறுகதை. வருஷக் கடைசிக்குள் ஒரு குறுநாவல். கணையாழி அப்போது தி. ஜானகிராமன் நினைவாகக் குறுநாவல் போட்டி நடத்திக்கொண்டிருந்தது. மாதாமாதம் பத்திரிகைக் கதைகளில் சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இலக்கியச் சிந்தனையில் இரண்டு முறையாவது என் பெயர். முப்பது வயதில் நாவல். நாற்பதில் சாகித்திய அகாதெமி. ஞானபீடத்துக்கு மட்டும் வயது போடவில்லை. தமிழில் அதுவரை அகிலன் ஒருவருக்குத்தான், 1975க்காகக் கிடைத்திருந்தது. அடுத்தவர் யார் என்று முடிவாகாமல் இருந்த நேரம்.

எனக்கு 22 வயது. அதுவரை எழுதி முடித்த கதை ஒன்று.

அந்த ஒரு கதையை ஒரு வார இதழுக்கு அனுப்பினேன். கார்பன் வைத்து நகல் எடுத்து, போதிய தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறையும் வைத்து. விஷயம் தெரிந்ததும் அம்மா காமாட்சியம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். எங்கள் ஊர் வழக்கம் தெரிந்ததுதானே: ஒரே கிழமையில் தொடர்ந்து ஆறு வாரம், கையில் எலுமிச்சம்பழத்தோடு. அம்மாவுக்குச் செவ்வாய்.

சிவனை அடைய அம்பாள் பஞ்சாக்கினி நடுவே ஊசிமுனையில் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்த ஊர் மாங்காடு. வந்த காரியம் முடிந்ததும் அவள் காஞ்சிக்குப் போய்விட்டாள். நெருப்பு இங்கேயே எரிந்துகொண்டிருந்தது. ஆதிசங்கரர் வந்து அர்த்தமேரு ஸ்ரீசக்கரம் வைத்துத்தான் ஊர் குளிர்ந்தது என்பது தலபுராணம். “அடுப்பை அணைக்காமலே கிளம்பிட்டாங்க போல” என்று சொல்லி அம்மாவிடம் ஒரு குட்டு வாங்கினேன். லட்சியம் என்றால் என்னவென்று இந்த ஊரில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்று சொல்ல முடியாது.

ஐந்தாவது வாரம் தபால்காரர் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டார். “தம்பி, உங்க கையெழுத்துலயே உங்களுக்கு லெட்டர் வந்திருக்கு!” தடித்த உறை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமையும் குளித்துவிட்டுக் கிளம்பினாள். கதைதான் திரும்பி வந்துவிட்டதே என்றேன். “அதுக்கு? ஆறு வாரம்னு சொன்னா ஆறு வாரம்” என்றாள். திரும்பி வந்து கேட்டாள்: “நான் ஆறு வாரம் போய்ட்டு வந்துட்டேன். நீ அடுத்த கதையில ஆறு பக்கமாவது எழுதினியாடா?”

எழுதவில்லை. ஆனால் டிசம்பர் 31 அன்று வருஷக் கணக்குப் பார்த்தேன். ஏன் முடியவில்லை என்று மூன்று பக்கம். அந்த வருஷம் நான் ஒரே மூச்சில் எழுதியது அதுதான். பிறகு அது பழக்கமாகிவிட்டது. 1991: அக்கா கல்யாணம். 1994: அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிப்டு. 1998: மௌனி வாழ்நாள் முழுக்க எழுதியதே இருபத்துநான்கு கதைதான், எண்ணிக்கையில் என்ன இருக்கிறது. 2005: ஞானபீடம் ஜெயகாந்தனுக்கு; ஆட்சேபணை இல்லை. 2015: செம்பரம்பாக்கம் ஏரியில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். இத்தனை வருஷக் காரணங்களில் இது ஒன்றுதான் கலப்படமில்லாதது.

மௌனியைச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தவனை ஜெயமோகன் வந்து கெடுத்தார். 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலை வரை வெண்முரசு, இருபத்தாறு நாவல். அன்றாடம் ஒரு அத்தியாயம். காலையில் டீ ஆறுவதற்குள் அந்த மனிதர் அன்றையதை முடித்திருப்பார். நான் படித்துக்கூட முடித்திருக்க மாட்டேன்.

இப்போது எல்லாம் சுலபம். வயல் இருந்த இடத்தில் அடுக்குமாடி, குமணன்சாவடியில் தலைக்கு மேலே மெட்ரோ. கார்பன் வேண்டாம், தபால்தலை வேண்டாம். மெயிலில் அனுப்பினால் கதை திரும்பி வருவதே இல்லை, பதிலும் வருவதில்லை. அந்தத் தபால்காரர் இருந்தால் என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பார் என்று சில நாள் யோசிப்பதுண்டு. இரவு ஒன்பது மணிக்குப் போன் மணியடித்து “இன்றைய 300 வார்த்தை” என்கிறது. அணைத்துவிட்டால் கோபித்துக்கொள்வதில்லை. நாளைக்கும் அதே குரலில் அடிக்கும். நம்பிக்கையில் அதற்கு நிகர் அம்மாதான்.

நடுவில் அமெரிக்காக்காரர்கள் 1999இல் ஆரம்பித்த நானோரைமோவிலும் சேர்ந்தேன். நவம்பர் மாதம் முழுக்க உட்கார்ந்து 50,000 வார்த்தையில் நாவல் எழுத வேண்டும். நவம்பரில் மாங்காட்டில்! வடகிழக்குப் பருவமழையைக் கேள்விப்படாத மனிதர் யாரோ தேர்ந்தெடுத்த மாதம். தெருவில் கணுக்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, இன்வெர்ட்டர் கத்துகிறது, நாயகி முதல் அத்தியாயத்திலேயே பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள். அவளை நான் ஏற்றிவிடவே இல்லை. 2025இல் அந்த அமைப்பையே மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். படித்தபோது கொஞ்சம் வருத்தமாகவும் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

இதுவரை அச்சில் வந்த என் கதைகள் நான்கு. அதில் இரண்டு, தொழிற்சங்க மலரில்.

அம்மா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. போன மாதம் பழைய டைரிகளை எடைக்குப் போட எடுத்தபோது 1987 மட்டும் கையில் நின்றது. லட்சியப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் ஆறு கோடு. என் கையெழுத்து இல்லை. வாரத்துக்கு ஒன்றாக அம்மா போட்டிருக்கிறாள்.

மறுநாள் செவ்வாய். குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். கதை ஒன்று, வாரத்துக்கு ஒரு பக்கம், அவ்வளவுதான் இந்தத் தடவை.

இது ஐந்தாவது வாரம். எலுமிச்சம்பழம் வாங்கியாகிவிட்டது. பக்கம் மூன்றரை.